சிகரெட் பிடிப்பவர்களுக்கு வேலை கிடையாது என்ற எடிசன்... அவர் கம்பெனியே எடுத்த சிகரெட் விளம்பரப் படம்! சினிமாவுக்குள் விளம்பரம் நுழைந்த கதை

படம் விறுவிறுப்பாகப் போய்க்கொண்டிருக்கும். ஹீரோ பாக்கெட்டிலிருந்து செல்போனை எடுப்பார். போனின் பின்பக்கம் இருக்கும் லோகோ இரண்டு விநாடி ஸ்கிரீனை அடைத்துக்கொண்டு நிற்கும். அடுத்த காட்சியில் குடும்பமே நகைக்கடைக்குப் போகும். கடையின் பெயர்ப்பலகையை ஒருமுறை நிதானமாகக் காட்டிவிட்டுத்தான் கேமரா உள்ளே நுழையும். பக்கத்து சீட்டில் இருப்பவர் லேசாகச் சிரிப்பார். விளம்பரம்னு அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

இதற்கு சினிமா வட்டாரத்தில் பிராடக்ட் பிளேஸ்மென்ட் என்று பெயர். பணமாகவோ, படப்பிடிப்புக்குத் தேவையான கார், ரயில், இடம் போன்ற உதவியாகவோ வாங்கிக்கொண்டு, ஒரு கம்பெனியின் பொருளைக் கதைக்குள்ளேயே காட்டுவதுதான் இது.

இதெல்லாம் சமீபத்தில் வந்த கார்ப்பரேட் வித்தை என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனா உண்மை வேற. மக்கள் காசு கொடுத்துப் படம் பார்க்க ஆரம்பித்த சில ஆண்டுகளிலேயே விளம்பரமும் படத்துக்குள் வந்துவிட்டது. அந்தக் கதையின் நடுவில் நிற்பவர், பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்தில் நாம் எல்லோரும் படித்த ஒருவர். தாமஸ் ஆல்வா எடிசன்.

பல்பு, போனோகிராஃப் என்று அவரைப் பற்றி நமக்குத் தெரிந்தது ஒரு பாதி. விற்பனைக்காரர் எடிசன் என்பது இன்னொரு பாதி. அந்த இரண்டாவது பாதியைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ரயிலில் பேப்பர் விற்ற சிறுவன்

எடிசன் பிறந்தது 1847 பிப்ரவரி 11 அன்று, அமெரிக்காவின் ஓஹாயோ மாகாணத்தில் உள்ள மிலன் என்ற சிறிய ஊரில். பிறகு குடும்பம் மிச்சிகன் மாகாணத்தின் போர்ட் ஹூரனுக்குக் குடிபெயர்ந்தது. பள்ளிப் படிப்பு சில மாதங்களோடு முடிந்துபோனது. வீட்டில் அம்மாதான் பாடம் சொல்லிக்கொடுத்தார். சிறு வயதிலேயே காது கேட்பதும் குறைய ஆரம்பித்தது.

12 வயதில் போர்ட் ஹூரனுக்கும் டெட்ராய்ட்டுக்கும் இடையே ஓடும் ரயிலில் பேப்பர், மிட்டாய் விற்கும் வேலையில் சேர்ந்தார். 1862-ம் ஆண்டு ஏப்ரலில் நடந்த ஒரு சம்பவம் அவர் எப்படிப்பட்ட ஆள் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்போது அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. ஷைலோ என்ற இடத்தில் பெரும் உயிர்ச்சேதம் என்ற செய்தி டெட்ராய்ட்டுக்கு வந்தது. 15 வயது எடிசன் என்ன செய்தார் தெரியுமா? முதலில் தந்தி ஆபரேட்டரைப் பிடித்தார். வழியில் இருக்கும் ஸ்டேஷன்களுக்கெல்லாம் போர்ச் செய்தியைச் சுருக்கமாக அனுப்பி, அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்கச் சொன்னார். பிறகு பத்திரிகை ஆபீசுக்குப் போய், வழக்கமாக வாங்குவதைப் போலப் பல மடங்காக, 1,000 பிரதிகளைக் கடனுக்கு வாங்கினார்.

ரயில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்றபோது கூட்டம் காத்திருந்தது. பலகையில் பாதிச் செய்தியைப் படித்தவர்களுக்கு மீதியும் தெரிந்தாக வேண்டும். வழக்கமாக 5 சென்ட் விலையில் விற்ற பேப்பரை வழியில் 10 சென்டுக்கு உயர்த்தினார். சொந்த ஊர் போய்ச் சேரும்போது அதே பேப்பர் 25 சென்ட். அத்தனையும் விற்றுத் தீர்ந்தது.

பொருளைக் கொண்டுபோய் விற்பதற்கு முன்னால் ஆசையை அனுப்பிவைக்க வேண்டும். இந்தப் பாடத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

வாங்க ஆளில்லாத முதல் கண்டுபிடிப்பு

தந்தி ஆபரேட்டராகப் பல ஊர்களில் வேலை பார்த்த எடிசன், 1869-ல் தன் முதல் காப்புரிமையைப் பெற்றார். சட்டமன்ற உறுப்பினர்களின் வாக்குகளை நொடியில் பதிவுசெய்யும் கருவி அது. கருவி நன்றாகவே வேலை செய்தது. ஆனா வாங்கத்தான் ஆளில்லை. வாக்கெடுப்பு அவ்வளவு சீக்கிரம் முடிவதை அரசியல்வாதிகள் விரும்பவில்லை. இழுத்தடிப்பதில்தானே அவர்களுடைய பேரம் இருக்கிறது!

விலைபோகாத எதையும் இனி கண்டுபிடிப்பதில்லை என்று அதன்பிறகு எடிசன் முடிவு செய்தார்.

1876-ல் நியூஜெர்சியின் மென்லோ பார்க்கில் ஆய்வுக்கூடம் தொடங்கினார். 1877-ல் குரலைப் பதிவுசெய்து திருப்பிப் பேசும் போனோகிராஃப் வந்தது. உலகமே வாயைப் பிளந்தது. 1879-ல் நீண்ட நேரம் எரியும் மின்விளக்கு. மின்விளக்கை யோசித்த முதல் ஆள் அவர் இல்லை. வீட்டுக்குப் பயன்படும் அளவுக்கு அதைக் கொண்டுவந்தவர் அவர்.

அந்த விளக்கை அவர் அறிமுகம் செய்த விதம்தான் கவனிக்க வேண்டியது. 1879 டிசம்பர் 31 இரவு, மென்லோ பார்க் முழுக்க விளக்குகளை எரியவிட்டுப் பொதுமக்களை வரவேற்றார். கூட்டத்தைக் கொண்டுவர சிறப்பு ரயில்கள் விடப்பட்டன.

1882 செப்டம்பரில் நியூயார்க்கின் பேர்ல் ஸ்ட்ரீட் மின்நிலையம் செயல்பாட்டுக்கு வந்தபோது, முதலில் விளக்கு எரிந்த இடங்களைப் பாருங்கள். ஒன்று, கோடீஸ்வரர் ஜே.பி.மார்கனின் வால் ஸ்ட்ரீட் அலுவலகம். இன்னொன்று, நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அலுவலகம். பணம் போடுகிறவர் மேசையிலும் செய்தி எழுதுகிறவர் மேசையிலும் அவருடைய பொருள் போய் உட்கார்ந்துவிட்டது. பிராடக்ட் பிளேஸ்மென்ட் என்ற சொல் பிறப்பதற்குப் பல காலம் முன்பே அவர் அதைச் செய்துவிட்டார் என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால், 1892-ல் ஒரு அடி விழுந்தது. மார்கனின் ஏற்பாட்டில் எடிசனின் மின் நிறுவனமும் போட்டி நிறுவனம் ஒன்றும் இணைக்கப்பட்டு, ஜெனரல் எலக்ட்ரிக் என்ற புது நிறுவனம் உருவானது. பெயரிலிருந்து எடிசன் என்ற சொல் காணாமல் போனது. அவர் கட்டிய தொழில், அவர் பெயர் இல்லாமல் நடக்க ஆரம்பித்தது.

தும்மலும் ஒரு விளம்பரமே

அந்தச் சமயத்தில் நியூஜெர்சியின் வெஸ்ட் ஆரஞ்சில் இருந்த புதிய ஆய்வுக்கூடத்தில் இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. போனோகிராஃப் காதுக்குச் செய்ததைக் கண்ணுக்குச் செய்யும் ஒரு கருவி. யோசனை எடிசனுடையது, பெரும்பகுதி உழைப்பு அவரிடம் வேலை பார்த்த டபிள்யூ.கே.எல்.டிக்சனுடையது.

கினெட்டோஸ்கோப் என்ற அந்தக் கருவி ஒரு மரப்பெட்டி. மேலே இருக்கும் சிறு துளை வழியாக ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பார்க்க முடியும். உள்ளே ஓடும் படம் அரை நிமிடம்கூட நீடிக்காது. படம் எடுப்பதற்காக 1893-ல் பிளாக் மரியா என்ற ஸ்டூடியோவைக் கட்டினார்கள். கருப்புத் தார் காகிதம் ஒட்டிய கொட்டகை. வெயில் உள்ளே விழக் கூரை திறக்கும்; சூரியன் நகர நகர, கட்டடமே தண்டவாளத்தில் திரும்பும்.

1894 ஜனவரியில் அங்கே எடுக்கப்பட்ட ஒரு படம் மிகவும் பிரபலம். எடிசனின் ஊழியர் ஃபிரெட் ஆட் மூக்குப்பொடி போட்டுத் தும்முகிறார். அவ்வளவுதான் படம்! அமெரிக்காவில் பதிப்புரிமை பெற்று இன்றும் எஞ்சியிருக்கும் படங்களில் மிகப் பழையது இதுதான்.

இதை எதற்காக எடுத்தார்கள்? ஹார்ப்பர்ஸ் வீக்லி என்ற பத்திரிகையில் புதிய கருவியைப் பற்றிய கட்டுரைக்குப் படங்கள் தேவைப்பட்டன. அதற்காகத்தான் இந்தத் தும்மல். அதாவது, தன் கருவியைப் பத்திரிகையில் பரப்புவதற்காக எடுத்த படம் அது.

1894 ஏப்ரல் 14 அன்று நியூயார்க்கின் பிராட்வே தெருவில், 10 கருவிகளுடன் முதல் கினெட்டோஸ்கோப் கூடம் திறக்கப்பட்டது. 25 சென்ட் கொடுத்தால் ஒரு வரிசையில் இருக்கும் 5 படங்களைப் பார்க்கலாம்.

அந்தப் பெட்டிக்குள் யாரெல்லாம் வந்தார்கள் என்று பார்த்தால் விஷயம் புரியும். மேடையில் உடற்கட்டைக் காட்டிப் புகழ்பெற்ற யூஜின் சாண்டோ வந்தார். பஃபலோ பில்லின் சாகச நிகழ்ச்சிக் குழுவினர் வந்தார்கள். குறி தவறாமல் சுடும் ஆனி ஓக்லி வந்தார். இவர்கள் எல்லோருமே ஊர் ஊராக டிக்கெட் விற்று நிகழ்ச்சி நடத்தியவர்கள். அவர்களுக்கு எடிசனின் படம் ஓர் இலவச போஸ்டர். எடிசனுக்கு அவர்கள் கூட்டம் சேர்க்கும் நட்சத்திரங்கள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

தன்னுடையதல்லாத கருவிக்குத் தன் பெயர்

பெட்டிக்குள் எட்டிப் பார்க்கும் மோகம் சீக்கிரமே குறைந்தது. 1895 டிசம்பரில் பாரிஸில் லூமியர் சகோதரர்கள் திரையில் படம் காட்டிக் காசு வசூலித்துவிட்டார்கள். எடிசனிடம் அப்போது நல்ல புரொஜெக்டர் இல்லை.

அதே நேரத்தில் அமெரிக்காவில் சி.பிரான்சிஸ் ஜென்கின்ஸ், தாமஸ் ஆர்மட் என்ற இருவர் சேர்ந்து ஒரு புரொஜெக்டரை உருவாக்கியிருந்தார்கள். எடிசனின் கருவிகளை விற்றுவந்த ராஃப் அண்ட் கேமன் நிறுவனம் அதன் உரிமையைப் பெற்றது. ஆனா அவர்களுக்கு ஒரு கவலை. ஆர்மட் என்ற பெயரைச் சொன்னால் யார் வருவார்கள்?

முடிவு, கருவிக்கு வைட்டாஸ்கோப் என்று பெயர் வைத்து, எடிசனின் கண்டுபிடிப்பாகவே மக்களிடம் அறிமுகப்படுத்தினார்கள். எடிசனும் சம்மதித்தார். 1896 ஏப்ரல் 23 அன்று நியூயார்க்கின் கோஸ்டர் அண்ட் பயல்ஸ் மியூசிக் ஹாலில் முதல் காட்சி. அரங்கில் எடிசனுக்குப் பாராட்டு மழை. கருவியை உருவாக்கிய ஆர்மட் புரொஜெக்டர் அறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கு வருஷத்துக்கு முன்பு, தான் கட்டிய கம்பெனியிலிருந்து தன் பெயர் நீக்கப்பட்டதைப் பார்த்த மனிதர், இப்போது தான் உருவாக்காத கருவியில் தன் பெயரைப் போட அனுமதித்தார். பெயருக்கு என்ன விலை என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

பெட்டியிலிருந்து குதித்த பெண்: அந்த சிகரெட் படம்

அடுத்த ஆண்டு, 1897 ஆகஸ்டில் எடிசன் கம்பெனி ஒரு குட்டிப் படத்துக்குப் பதிப்புரிமை வாங்கியது. பெயர், 'அட்மிரல் சிகரெட்'. அரை நிமிடம் ஓடும் அந்தப் படம் இன்றும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

பின்னால் பெரிய எழுத்தில் சிகரெட்டின் பெயர் எழுதிய போர்டு. அதன் முன்னால் நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் அடையாளமான அங்கிள் சாம் வேடத்தில் ஒருவர், ஒரு பாதிரியார், ஒரு தொழிலதிபர், அமெரிக்கப் பூர்வகுடி வேடத்தில் ஒருவர். ஓரத்தில் ஆளுயர சிகரெட் பெட்டி. திடீரென்று பெட்டியின் முன்பக்கம் உடைய, உள்ளேயிருந்து ஒரு பெண் வெளியே வருகிறார். எல்லோருக்கும் சிகரெட் கொடுக்கிறார். கடைசியில், நாங்கள் எல்லோருமே புகைபிடிக்கிறோம் என்று சொல்லும் பேனரை விரிக்கிறார்கள்.

இன்றைய கண்ணுக்கு இது சாதாரணம். ஆனா கொஞ்சம் யோசித்துப் பார்த்தால், விளம்பர உலகம் இன்றுவரை செய்யும் எல்லாமே அந்த அரை நிமிடத்தில் இருக்கிறது. அழகான பெண், தேசப்பற்று, மதத் தலைவரின் மறைமுக ஒப்புதல், ஊரே செய்கிறது நீ ஏன் செய்யக்கூடாது என்ற தூண்டில். பொருளின் தரத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

எடிசன் இந்தப் படத்தைக் கேமராவுக்குப் பின்னால் நின்று எடுக்கவில்லை. அவருடைய கம்பெனி ஆட்கள் எடுத்தது. ஆனா வெளியானது அவர் பெயரைத் தாங்கிய நிறுவனத்திலிருந்து.

அப்போ எடிசன்தான் முதல் ஆளா?

இல்லை. முதல் ஆள் என்ற பட்டத்தை அவருக்குக் கொடுத்துவிட முடியாது. 1896-லேயே லூமியர் படங்களில் சன்லைட் சோப்பு வந்துவிட்டது. சுவிட்சர்லாந்தில் லூமியர் கருவியைக் காட்டும் உரிமையை வைத்திருந்த லவான்ஷி கிளார்க் என்பவர், சன்லைட் சோப்பு விற்பனையோடும் தொடர்புடையவர். பெண்கள் துணி துவைக்கும் ஒரு சாதாரணக் காட்சியில், சோப்புப் பெட்டிகள் பெயர் தெரியும்படி முன்னால் அடுக்கிவைக்கப்பட்டிருந்தன.

அப்படியென்றால் எடிசனின் பங்கு என்ன? ஒரு முறை நடந்த தந்திரத்தை அவர் கம்பெனி தொழிலாக மாற்றியது. படம் பார்ப்பவர் டிக்கெட்டுக்குக் காசு கொடுப்பார். படத்தைத் திரையிடுபவர் பிரிண்டுக்குக் காசு கொடுப்பார். படத்துக்குள் தெரியும் பொருளின் முதலாளியும் பணமாகவோ உதவியாகவோ கொடுப்பார். ஒரே படம், பல வாசல் வழியாக வருமானம்.

ரயில் கம்பெனிகளோடு கூட்டணி

இந்தக் கணக்கு நன்றாக வேலை செய்த இடம் ரயில்வே. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ரயில்களைத் தனியார் கம்பெனிகள் நடத்தின. ஒரே ஊருக்குப் பல கம்பெனிகள் போட்டி போட்டுப் பயணிகளை இழுத்தன.

1896 டிசம்பரில், லீஹை வேலி ரயில் கம்பெனியின் ஒத்துழைப்போடு அதன் பெருமைக்குரிய பிளாக் டைமண்ட் எக்ஸ்பிரஸை எடிசன் ஆட்கள் படமெடுத்தார்கள். தண்டவாளத்தில் வேலை செய்யும் தொழிலாளர்களைத் தாண்டி, ரயில் கேமராவை நோக்கிச் சீறிப் பாய்ந்து வரும். பார்த்தவர்கள் மிரண்டுபோனார்கள். அந்த மிரட்சியோடு சேர்ந்து ரயிலின் பெயரும் மனசில் பதிந்தது.

1903-ல் வந்த 'ரொமான்ஸ் ஆஃப் தி ரெயில்' இன்னும் ஒரு படி மேலே போனது. லாக்கவன்னா ரயில் கம்பெனி அப்போது ஃபீபி ஸ்னோ என்ற கற்பனைப் பெண்ணை வைத்து விளம்பரம் செய்துவந்தது. எங்கள் ரயில் ஆந்த்ரசைட் நிலக்கரியில் ஓடுகிறது. புகையும் கரியும் குறைவு. வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு வந்தாலும் அழுக்காகாது என்பதுதான் அந்த விளம்பரத்தின் சாரம்.

எடிசன் கம்பெனியின் இயக்குநர் எட்வின் எஸ்.போர்ட்டர் இதையே கதையாக்கினார். ஸ்டேஷனில் ஒரு ஆணும் பெண்ணும் சந்திக்கிறார்கள். இருவரும் வெள்ளை உடுப்பு. பயணத்திலேயே காதல், பயணத்திலேயே கல்யாணம். உடுப்பில் ஒரு கறைகூடப் படவில்லை! ரயிலுக்கு அடியில் தொற்றிக்கொண்டு வரும் நாடோடிகள்கூட டிப்டாப்பாக இறங்குகிறார்கள்.

விளம்பரத்தைக் கிண்டல் செய்யும் காமெடிப் படம்தான் இது. ஆனா கிண்டலும் விளம்பரம்தானே? ஜனங்கள் சிரித்துக்கொண்டே கம்பெனியின் பெயரை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அதே ஆண்டு போர்ட்டர் இயக்கிய புகழ்பெற்ற 'தி கிரேட் டிரெயின் ராபரி' படத்துக்கும் லாக்கவன்னா ரயில்பாதை உதவியது.

கதைக்குள் சொந்தச் சரக்கு

மற்றவர்கள் பொருளைக் காட்டிப் பழகியபிறகு, சொந்தப் பொருளை விடுவார்களா? 1910-ல் எடிசன் கம்பெனி 'தி ஸ்டெனோகிராஃபர்ஸ் ஃபிரெண்ட்' என்ற படத்தை எடுத்தது. ஒரு அலுவலகம். முதலாளி சொல்லச் சொல்ல எழுதி டைப் அடிக்கும் ஸ்டெனோகிராஃபர் வேலைப்பளுவில் திணறுகிறார். அப்போது எடிசன் பிசினஸ் போனோகிராஃப் என்ற கருவி வருகிறது. முதலாளி தான் சொல்ல வேண்டியதைக் கருவியில் பேசிப் பதிவுசெய்துவிடுகிறார். ஸ்டெனோகிராஃபர் பிறகு நிதானமாகக் கேட்டு டைப் அடிக்கிறார். பிரச்னை தீர்ந்தது, எல்லோருக்கும் சந்தோஷம்.

இந்தப் படத்தின் ஹீரோ யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

1912-ல் 'வாட் ஹேப்பண்ட் டு மேரி' என்ற தொடர் வந்தது. தி லேடீஸ் வேர்ல்ட் என்ற பெண்கள் பத்திரிகையில் மாதாமாதம் கதை வெளியாகும். அதே கதையை எடிசன் கம்பெனி படமாக்கித் திரையிடும். பத்திரிகை படித்தவர்கள் தியேட்டருக்கு வந்தார்கள். படம் பார்த்தவர்கள் பத்திரிகை வாங்கினார்கள். ரயில் ஸ்டேஷன் பலகையில் பாதிச் செய்தி எழுதிவைத்த அந்த 15 வயது பையனின் அதே யோசனைதான், 50 வருஷம் கழித்துப் பெரிய அளவில்.

இந்த வழியில் நல்ல காரியமும் நடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். காசநோய் ஒழிப்புக்கு நிதி திரட்ட விற்கப்பட்ட கிறிஸ்துமஸ் ஸ்டாம்ப் பற்றி, 1910-ல் 'தி ரெட் கிராஸ் சீல்' என்ற படத்தையும் இதே கம்பெனி எடுத்தது. கதைக்குள் ஒரு விஷயத்தை வைத்தால் மக்கள் மனசு மாறும். அது சிகரெட்டுக்கும் பொருந்தும், காசநோய் ஒழிப்புக்கும் பொருந்தும்.

1914-ல் எழுதிய கடிதம்

இப்போது தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருவோம்.

1914 ஏப்ரலில் எடிசன் தன் நண்பரும் கார் தயாரிப்பாளருமான ஹென்றி ஃபோர்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். சிகரெட்டைச் சுற்றியிருக்கும் காகிதம் எரியும்போது வரும் நச்சு, நரம்பு மண்டலத்தையும் மூளையையும் கெடுக்கிறது. குறிப்பாகச் சிறுவர்களுக்கு ஆபத்து. சிகரெட் பிடிக்கும் யாரையும் நான் வேலைக்கு வைத்துக்கொள்வதில்லை என்பதுதான் அதன் சாரம். சிகரெட்டுக்கு எதிராக ஃபோர்டு வெளியிட்ட பிரசாரப் புத்தகத்தில் அந்தக் கடிதம் இடம்பெற்றது. சிகரெட் கம்பெனிகள் கொதித்துப்போயின.

எடிசன் சுருட்டுப் பிரியர். புகையிலை மெல்லும் பழக்கமும் உண்டு. அவருடைய கோபம் காகிதத்தில் சுற்றிய சிகரெட்டின் மீது மட்டும்தான். காகிதத்தைப் பற்றிய அவருடைய விளக்கமும் முழுக்கச் சரியில்லை; புகையிலையே கேடு என்பதை மருத்துவம் பிறகு நிரூபித்தது.

இருந்தாலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1897-ல், எல்லோரும் புகைபிடிக்கிறோம் என்ற பேனரோடு படம் விற்ற கம்பெனி. 1914-ல், புகைபிடிப்பவருக்கு என்னிடம் வேலை கிடையாது என்று எழுதிய முதலாளி. இரண்டிலும் இருப்பது ஒரே பெயர்.

படத்தை எடுத்தவர்களுக்கு அந்தப் பொருளின் மீது நம்பிக்கை இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இதுதான் அந்தத் தொழிலின் அடிப்படை. திரையில் சிரித்துக்கொண்டே ஒரு பொருளைக் காட்டுபவர், வீட்டில் அதைத் தொடாதவராக இருக்கலாம். பார்க்கிறவர்தான் நம்புகிறார். பார்க்கிறவர்தான் வாங்குகிறார். உடம்பு கெட்டால் அதுவும் பார்க்கிறவருக்குத்தான்.

சரிந்த சாம்ராஜ்யம்

சினிமாவில் எடிசனின் ஆட்டம் நீண்ட காலம் நிற்கவில்லை. 1908 டிசம்பரில், கேமரா, புரொஜெக்டர் காப்புரிமைகளை வைத்திருந்த கம்பெனிகளைச் சேர்த்து ஒரு கூட்டமைப்பை உருவாக்கினார். அவர்களுக்குக் கட்டணம் கட்டாமல் அமெரிக்காவில் யாரும் படம் எடுக்கவோ காட்டவோ முடியாது என்ற நிலை. இந்தக் கெடுபிடியிலிருந்து தள்ளியிருக்கவும், நல்ல வெயிலுக்காகவும் சுயேச்சைத் தயாரிப்பாளர்கள் பலர் மேற்கே கலிபோர்னியாவுக்குப் போனார்கள். ஹாலிவுட் வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

1915-ல் அந்தக் கூட்டமைப்பு சட்டவிரோதம் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய டிசம்பரில்தான் வெஸ்ட் ஆரஞ்ச் தொழிற்சாலையில் பெரும் தீவிபத்து வேறு நடந்திருந்தது. நீளமான கதைப்படங்களும் நட்சத்திர நடிகர்களும் வந்த புதிய காலத்துக்கு எடிசன் ஸ்டூடியோ ஈடுகொடுக்கவில்லை. 1918-ல் அவர் சினிமா தொழிலை விட்டே வெளியேறினார்.

1931 அக்டோபர் 18 அன்று, 84-வது வயதில் வெஸ்ட் ஆரஞ்சில் எடிசன் காலமானார். அமெரிக்காவில் மட்டும் அவர் பெயரில் 1,093 காப்புரிமைகள். அவருடைய இறுதிச்சடங்கு நடந்த நாளின் இரவில், அமெரிக்கா முழுக்க ஒரு நிமிடம் விளக்குகளை அணைத்தோ மங்கவைத்தோ மக்கள் அஞ்சலி செலுத்தினார்கள்.

ஆனா அவர் கம்பெனி வளர்த்த விளம்பர வழக்கம் அணையவில்லை. 1919-ல் நியூயார்க்கில் ஹாரிசன்ஸ் ரிப்போர்ட்ஸ் என்ற சினிமா இதழ் தொடங்கப்பட்டது. சினிமா கம்பெனிகளிடம் விளம்பரம் வாங்காத இதழ் அது. படங்களுக்குள் ஒளிந்திருக்கும் விளம்பரங்களை அது தொடர்ந்து கண்டித்தது. டிக்கெட் வாங்கியவரிடமே விளம்பரத்தையும் திணிப்பது என்ன நியாயம் என்பது அதன் வாதம். 100 வருஷத்துக்கு முந்தைய அந்தக் கேள்வி இன்றும் பழசாகவில்லை.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

சிகரெட் விஷயத்தில் சட்டம் ரொம்ப தாமதமாகத்தான் விழித்துக்கொண்டது. சினிமாவில் தங்கள் பொருளைக் காட்டப் புகையிலைக் கம்பெனிகள் பணம் கொடுப்பதற்கு அமெரிக்காவில் முற்றுப்புள்ளி விழுந்தது 1998-ல், மாகாண அரசுகளோடு அந்தக் கம்பெனிகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தில்தான். அட்மிரல் படம் வந்து 101 வருஷம் கழித்து!

இந்தியாவில் 2003-ம் ஆண்டு சட்டம் புகையிலை விளம்பரத்துக்குத் தடை போட்டது. படத்துக்கு முன்னாலும் இடைவேளைக்குப் பிறகும் நாம் பார்க்கும் புகையிலை எச்சரிக்கைக் காட்சிகளும், புகைபிடிக்கும் காட்சியில் திரையின் அடியில் வரும் எச்சரிக்கை வரியும் 2012 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின் விளைவு.

மற்ற பொருட்கள் விஷயத்தில் சில நாடுகள் வேறு வழியைப் பிடித்தன. பிரிட்டனில் 2011 முதல் டிவி நிகழ்ச்சிகளில் பிராடக்ட் பிளேஸ்மென்டுக்கு அனுமதி உண்டு. ஆனா பிரிட்டனில் தயாராகும் நிகழ்ச்சி என்றால், காசு வாங்கிக்கொண்டு பொருள் காட்டப்படுகிறது என்பதைத் திரையில் ஒரு சின்னம் போட்டுப் பார்ப்பவருக்குச் சொல்லியாக வேண்டும்.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. படத்துக்குப் பணம் தேவை. அதை விளம்பரம் தருகிறது. அதில் தப்பு காண்பது கஷ்டம். ஆனா இடைவேளையில் வரும் விளம்பரத்தை விளம்பரம் என்று தெரிந்தே பார்க்கிறோம். கதைக்குள் வருவதை அப்படிப் பார்ப்பதில்லை. ஹீரோவின் மீதுள்ள பாசம், கதையின் மீதுள்ள நம்பிக்கை எல்லாம் அந்தப் பொருளின் மீதும் ஒட்டிக்கொள்கிறது. கம்பெனி காசு கொடுப்பது அந்த ஒட்டுதலுக்காகத்தான்.

பக்கத்து சீட்டுக்காரர் லோகோவைப் பார்த்துச் சிரிக்கிறார் இல்லையா? அவர் தப்பித்துவிட்டார். சிரிப்பே வராமல், விளம்பரம் என்றே தெரியாமல் நாம் பார்த்துக் கடந்த காட்சிகள் எத்தனை என்பதுதான் கேள்வி.

அடுத்தமுறை ஹீரோ கையில் இருக்கும் பொருள் அழகாகத் தெரிந்தால், பெட்டியை உடைத்துக்கொண்டு வந்த அந்தப் பெண்ணையும், அந்த சிகரெட்டைப் பிடிப்பவருக்கு வேலை தராத முதலாளியையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.